திண்ணைக்குப் போன பாய்

கேள்வி: எனக்கு 44 வயது. சோழவந்தான் பக்கம் கிராமம். ஆவணியில் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறேன். கொடிக்கால் வேலைக்குப் போனவள், நாள் முழுக்க நைட்டியில் கிடக்கிறேன். வீட்டுக்காரர்தான் குளிப்பாட்டுகிறார், தலை பின்னிவிடுகிறார். குறை சொல்ல முடியாது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். எனக்கு ஆசை இருக்கிறது. இந்த நிலைமையில் இது கேட்கிறதா என்பாரோ என்று கூச்சம். சேர்ந்தால் மறுபடி வந்துவிடுமோ என்று பயமும் உண்டு.
- பெயர் வேண்டாம்

பதில்: மதுரையில் 20 வருஷத்துக்கு மேல் பக்கவாதக்காரர்களுக்கு பிசியோதெரபி கொடுத்தவள் நான். வீட்டுக்குப் போகும் நாளில் உப்பு எவ்வளவு, கறி தின்னலாமா என்று கேட்பார்கள். ஆண்களில் சிலர் தலையைச் சொறிந்துகொண்டு இதையும் கேட்டுவிடுவார்கள். பெண்கள் கேட்பது அபூர்வம். நாங்களாகவும் சொன்னதில்லை, அது எங்கள் தப்பு.

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால், சேர்வதால் மறுபடி பக்கவாதம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏறினால் போதும் என்று டாக்டர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். கம்பு ஊன்றுகிற உங்களுக்கு அது ஒத்துவராது. அடுத்த முறை பிரஷர் பார்க்கும்போது நேராகவே கேளுங்கள், அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. திண்ணைக்கு அவரை அனுப்பியதும் அதே பயமாக இருக்கலாம். மாதவிலக்கு நிற்கவில்லை என்றால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது, ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும் அபாயம் கூடும். காப்பர் டி பற்றிக் கேளுங்கள்.

அப்புறம், குளியலை அவரிடமிருந்து பிடுங்குங்கள். கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்து வலது கையால் சொம்பு மொள்ளலாம். காலையில் சோப்புப் போட்டுவிட்டவருக்கு ராத்திரியில் புருஷனாக மாறுவது லேசு இல்லை.

நைட்டியையும் விடுங்கள். என்னிடம் வந்த ஒரு அம்மா, முந்தானையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் கொசுவம் எடுப்பார். முக்கால் மணி நேரம், வியர்த்து ஊற்றும். உதவ வந்த மகளை வைது விரட்டினார். உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம். டெய்லரிடம் கொசுவத்தைத் தைத்து வாங்குங்கள், ஜாக்கெட்டில் கொக்கிக்குப் பதில் வெல்க்ரோ. போடும்போது இடது கை முதலில், கழற்றும்போது அது கடைசியில்.

ராத்திரி அசதியாக இருந்தால் விடியற்காலை நல்லது. ஒன்றுக்குப் போய்விட்டு வாருங்கள். ஒருக்களித்துப் படுத்து, இடது கைக்குத் தலையணை கொடுங்கள். இடது பக்கம் மரத்திருந்தால் அவர் கையைப் பிடித்து, எங்கே உணர்வு இருக்கிறது என்று காட்டுங்கள். அவர் ஊகித்துக்கொள்ள மாட்டார். வறண்டிருந்தால் அதற்கென்றே மெடிக்கலில் ஜெல் இருக்கிறது.

எப்படிப் பேச்சை எடுப்பது என்றுதானே யோசிக்கிறீர்கள்? மார்கழி பிறந்துவிட்டது. “வெளிய பனி கொட்டுது, உள்ள வந்து படுங்க” என்று சொல்லுங்கள்.