நாலு டிரைவ், ஒரே ஃபோல்டர்: மெர்ஜர்எஃப்எஸ் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 2 டிபி ஒன்று, 4 டிபி இரண்டு, 8 டிபி ஒன்று என்று நாலு டிரைவ் இருக்கின்றன. பல டிரைவ்களை ஒரே ஃபோல்டராகக் காட்டும் மெர்ஜர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் மென்பொருளை வைத்து ஒன்றாக்கலாமா? ஒரு டிரைவ் செத்தால் எல்லாம் போய்விடுமா?

பதில்: தாராளமாக ஒன்றாக்கலாம். அளவு வேறுபட்டால் பரவாயில்லை. ஒன்றில் எக்ஸ்ட்4, இன்னொன்றில் எக்ஸ்எஃப்எஸ் என்று ஃபைல் சிஸ்டம் வேறாக இருந்தாலும் சரிதான். ஃபார்மேட் செய்ய வேண்டாம், உள்ளே இருப்பவை அப்படியே இருக்கும். டேட்டாவைப் பல டிரைவ்களில் பிரித்தோ பிரதி எடுத்தோ வைக்கும் ரெய்டு இல்லை இது. எந்த ஃபைலையும் துண்டு போடாது. முழு ஃபைலும் ஏதோ ஒரு டிரைவில்தான் இருக்கும். அதனால் ஒரு டிரைவ் செத்தால் அதில் இருந்தவை மட்டும் போகும். ஆனால் அவை போனது போனதுதான், இன்னொரு பிரதி எங்கும் இருக்காது.

கேள்வி: அப்படியானால் எப்படிப் பாதுகாப்பது?

பதில்: ஸ்னாப்ரெய்டு என்ற மென்பொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செத்த டிரைவில் இருந்தவற்றை மீட்க அது கணக்கிட்டு வைக்கும் தகவல்தான் பாரிட்டி. பாரிட்டி டிரைவ், டேட்டா டிரைவ்களில் மிகப் பெரியதற்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். உங்கள் கணக்கில் 8 டிபி பாரிட்டிக்குப் போய்விடும், மீதி 10 டிபி கையில் நிற்கும். பாரிட்டி டிரைவை மெர்ஜர்எஃப்எஸ்ஸில் சேர்க்காதீர்கள். ஸ்னாப்ரெய்டு உடனுக்குடன் வேலை செய்வதில்லை. கடைசியாக சிங்க் (பாரிட்டியைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டிய நேரத்து நிலைக்குத்தான் மீட்டுத் தரும். எடுத்து வைத்தபின் மாறாத போட்டோ, வீடியோவுக்கு அருமை. ஓயாமல் மாறும் டேட்டாபேஸுக்கு ஒத்துவராது. குழந்தைகளின் போட்டோ மாதிரி திரும்பக் கிடைக்காதவற்றுக்கு, வீட்டுக்கு வெளியே தனி பேக்கப்பும் அவசியம் வேண்டும்.

கேள்வி: அண்ணா, முதல் டிரைவ் நிரம்பிவிட்டது. மற்ற இரண்டும் காலி. ஆனாலும் 'இடம் இல்லை' என்கிறது. ஏன்?

பதில்: தம்பி, அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். புது ஃபைலை எந்த டிரைவில் வைப்பது என்பதை கிரியேட் பாலிசி முடிவு செய்கிறது. நீங்கள் வைத்திருப்பது ஈபிஎம்எஃப்எஸ் ஆக இருக்க வேண்டும். பல காலம் அதுதான் இயல்பு அமைப்பு. அது, அந்த ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கும் டிரைவ்களை மட்டுமே பார்க்கும், அவற்றில் இடம் அதிகம் உள்ளதைத் தேர்ந்தெடுக்கும். 'படங்கள்' ஃபோல்டர் முதல் டிரைவில் மட்டும் இருந்தால், மற்றவை காலியாக இருந்தும் பயனில்லை. எம்எஃப்எஸ் என்று மாற்றுங்கள், எங்கே இடம் அதிகமோ அங்கே போகும், ஃபோல்டரையும் அதுவே உருவாக்கிக்கொள்ளும். பழைய ஃபைல்கள் தானாக நகராது, நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம் குறைந்தபட்சக் காலியிட அளவையும் பாருங்கள். இயல்பாக அது 4 ஜிபி. ஃபைலை உருவாக்கும்போது மட்டும்தான் அதைப் பார்க்கும், எழுத எழுத ஃபைல் எவ்வளவு வளரும் என்று அதற்குத் தெரியாது. 40 ஜிபி வீடியோக்கள் வைப்பவர் 50 ஜிபி என்று போடுவது நல்லது.

கேள்வி: டோக்கரில் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) ஹார்டு லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) வேலை செய்யவில்லையே?

பதில்: டவுன்லோடு ஃபோல்டரையும் மீடியா ஃபோல்டரையும் தனித்தனி வால்யூமாக (டோக்கருக்குள் காட்டும் ஃபோல்டராக) கொடுத்திருப்பீர்கள். ஒரு வால்யூமிலிருந்து இன்னொன்றுக்கு ஹார்டு லிங்க் போட முடியாது. இரண்டுக்கும் மேலே உள்ள ஃபோல்டரை ஒரே வால்யூமாகக் கொடுங்கள்.

கேள்வி: ரீபூட் ஆனபோது ஒரு டிரைவ் மவுண்ட் ஆகாவிட்டால் (தனக்கான ஃபோல்டரில் வந்து இணையாவிட்டால்)?

பதில்: எனக்கே நடந்தது. கேபிள் தளர்ந்து டிரைவ் வரவில்லை. சிஸ்டம் எஸ்எஸ்டியில் இருந்த அதன் வெற்று மவுண்ட் ஃபோல்டரையே டிரைவ் என்று மெர்ஜர்எஃப்எஸ் எடுத்துக்கொண்டு, புது ஃபைல்கள் எல்லாம் அந்த எஸ்எஸ்டியில் போய்க் குவிந்தன. அது நிரம்பி சர்வர் நின்றபோதுதான் தெரிந்தது. இப்போது டிரைவைக் கழற்றி வைத்திருக்கும்போதே அந்த வெற்று ஃபோல்டரை சேட்டர் கட்டளையால் மாற்ற முடியாதபடி பூட்டிவிடுகிறேன். அதன்மேல் டிரைவ் வழக்கம்போல மவுண்ட் ஆகும். வராவிட்டால் ரூட்டாலும் அங்கே எழுத முடியாது.