முன்பணத்தைக் காட்டி ஊருக்கு விட மறுக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீடுகளுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஜார்க்கண்டிலிருந்து வந்து கொழுந்து பறிக்கும் ஒரு தம்பதி என்னிடம் கடனுக்குச் சாமான் வாங்குவார்கள். கூட்டி வந்தவர் ஊரிலேயே முன்பணம் கொடுத்தாராம். இப்போது அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஊருக்குப் போகக் கேட்டால், "கணக்கை முடித்துவிட்டுப் போ" என்கிறார் மேஸ்திரி. இருவர் ஆதாரும் அவர் கையில். சம்பளத்தில் பாதிதான் கைக்கு வருகிறது. ஏழு வயது மகளை டிசி இல்லை என்று பள்ளியில் சேர்க்கவில்லை. வெளிமாநிலத்தாருக்கு இங்கே என்ன உரிமை? நான் புகார் கொடுத்தால் வம்பு வருமா?

பதில்: மேஸ்திரி இதைக் கடன் என்கிறார். நீங்கள் எழுதியிருப்பது உண்மையானால் சட்டத்தில் இதற்குப் பெயர் கொத்தடிமை. சங்கிலி போட்டுப் பூட்டினால்தான் கொத்தடிமை என்று பலர் நினைக்கிறார்கள். 1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணத்தைக் காரணம் காட்டி ஒருவரை வேறு வேலைக்கோ வேறு ஊருக்கோ போகவிடாமல் தடுத்தாலே போதும். அந்த முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பும் 6ஆம் பிரிவின்படி ஒழிந்துவிடுகிறது. (உங்கள் கடை பாக்கி இதில் சேராது, பயப்படாதீர்கள்.) அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் சுமையும் கொடுத்தவர் தலையில்தான், 15ஆம் பிரிவு.

கட்டாய உழைப்பைத் தடுக்கும் அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவு உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்று பார்ப்பதில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோத்தகிரிக்கு இது புதுக்கதையும் இல்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பங்களில் பெரியவர்களைக் கேளுங்கள். தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போன கங்காணி கொடுத்த முன்பணமும், தொழிலாளியின் கடனை எழுதி வைத்த 'துண்டு'ச் சீட்டும் என்னவென்று சொல்வார்கள்.

இனி செய்ய வேண்டியது. குன்னூர் கோட்டாட்சியரிடம் எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள், நகல் மாவட்ட ஆட்சியருக்கு. ஊட்டியில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம், ஆனால் அங்கே கொடுத்தால் சேதி எஸ்டேட்டுக்கு முதலில் போய்விடும் என்பது என் அபிப்பிராயம். கொத்தடிமையை விசாரித்து விடுவிப்பது ஆட்சியர் செய்யும் தயவு இல்லை, சட்டம் அவருக்கு வைத்திருக்கும் கடமை. விசாரணையில் தம்பதியை மேஸ்திரி இல்லாத இடத்தில், அவர்களுக்குத் தெரிந்த இந்தியிலோ, ஜார்க்கண்ட் பக்கம் பேசும் சாத்ரி மொழியிலோ பேசவிட வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். மேஸ்திரியே மொழிபெயர்ப்பாளராக நின்றால் உண்மை வெளியே வராது.

பெரும்பாலான வழக்குகள் கெட்டுப்போவது அடுத்த இடத்தில்தான். யாராவது நடுவில் வந்து, "பஸ் காசு தர்றோம், ஆதாரை வாங்கிட்டுக் கிளம்பச் சொல்லுங்க" என்பார்கள். அவசரத்தில் இருப்பவர்கள் சரி என்று போய்விடுவார்கள். அப்படிப் போனால், கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கு அதிகாரிகள் தரும் விடுதலைச் சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் மறுவாழ்வு உதவியும் கிடைக்காது. மத்திய அரசுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கு 2 லட்சம் ரூபாய். முழுத் தொகை குற்றம் நிரூபணமாவதைப் பொறுத்தது. உடனடி உதவியை ஆட்சியர் அதற்கு முன்பே தரலாம். அம்மாவைப் பார்க்கப் போக வேண்டிய அவசரத்தை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதி, வாக்குமூலத்தை உடனே பதியச் சொல்லுங்கள்.

சம்பள பாக்கி தனி விஷயம். தொழிலாளர் துறையில் மூன்று வருடத்துக்குள் கேட்கலாம். அங்கே உங்கள் கடன் நோட்டு உதவும்: எந்த மாதம் எவ்வளவு கொடுத்தார்கள், எப்போது கொடுக்க முடியாமல் போனது என்று தேதியோடு இருக்குமே. அதைப் பத்திரமாக வையுங்கள். வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் வேலை மட்டும் வேண்டாம்.

குழந்தை விஷயம் சுலபம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி டிசியோ பிறப்புச் சான்றோ இல்லை என்று அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். தலைமை ஆசிரியர் மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும்.

உங்களுக்கு வம்பு வருமா? சட்டப்படி யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். கொத்தடிமைகள் பற்றிய 1984ஆம் ஆண்டின் முக்கியமான உச்ச நீதிமன்றத் தீர்ப்பே ஓர் அமைப்பு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்ததுதான். ஆனால் எஸ்டேட் ஆட்களின் வியாபாரத்தை நம்பியிருக்கும் கடைக்காரருக்கு நடைமுறையில் நெருக்கடி வரலாம், அதை நான் மறைக்கவில்லை. அதனால் மனுவை அந்தப் பெண்ணின் பெயரிலேயே, ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமாகக் கொடுக்க வையுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அந்தப் பெண்ணையே பேசச் சொல்லுங்கள், போன் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.