19-ஆம் நூற்றாண்டில் பிளாட்டினம் என்ன விலைக்கு விற்றது? தங்கத்தைவிட மலிவாகவா?

ஆமாம், மலிவுதான். அந்த நூற்றாண்டின் பெரும்பகுதி அதன் விலை வெள்ளிக்கு மேலே, தங்கத்துக்கு வெகு கீழே. தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருந்தது.

நான் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன். அங்கே எங்களிடம் இருந்த பிளாட்டினம் குரூசிபிளை (பொருளைக் கடும் சூட்டில் காய்ச்சும் கிண்ணம்) தினமும் எடை போட்டு, பதிவேட்டில் எழுதி, பூட்டி வைக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னக் கிண்ணத்துக்கு இவ்வளவு காவலா என்று தோன்றித்தான் இந்த உலோகத்தின் பழைய கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தென் அமெரிக்காவில், இன்றைய கொலம்பியாவின் சோக்கோ பகுதியில், ஆற்று மணலில் தங்கம் அரித்தவர்களுக்கு இது ஒரு தொல்லை. தங்கத்தோடு கலந்து வரும், உலையில் உருகாது. ‘குட்டி வெள்ளி’ என்ற பொருளில் ஸ்பானியர்கள் இதைப் பிளாட்டினா என்று அழைத்தார்கள். தங்கத்தில் இதைக் கலந்து ஏமாற்றுவார்களோ என்ற பயத்தில் ஆற்றில் கொட்டச் சொல்லி உத்தரவே போட்டிருக்கிறார்கள்.

1800 டிசம்பரில் லண்டனில் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன், ஸ்மித்சன் டெனன்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் சேர்ந்து கிட்டத்தட்ட 6,000 அவுன்ஸ் பிளாட்டினத் தாதுவை 795 பவுண்டுக்கு வாங்கினார்கள். அன்று ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். வகுத்துப் பார்த்தால் அவுன்ஸ் 2 ஷில்லிங் 8 பென்ஸ். அப்போது வெள்ளி அவுன்ஸ் சுமார் 5 ஷில்லிங், தூய தங்கம் சுமார் 85 ஷில்லிங். வெள்ளியில் பாதி விலைதான் தாதுவுக்கு!

வொல்லாஸ்டன் அதை இராஜதிராவகத்தில் (தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவை) கரைத்தார். நவச்சாரம் சேர்த்துப் படியவைத்தார். அதைச் சூடாக்கினால் கிடைக்கும் பொடியை ஈரத்தோடு அழுத்திக் கட்டியாக்கி, பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்துத் தகடாக்கினார். உருக்காமலேயே உலோகத்தைச் சேர்த்துவிட்டார். இப்படித் தயாரானது அவுன்ஸ் 16 ஷில்லிங் அளவில் விற்றது. ஆறு மடங்கு வித்தியாசம் அந்தக் கைவேலைக்குத்தான். முறையை 1828 வரை யாருக்கும் சொல்லவில்லை. சொன்ன அதே வருஷக் கடைசியில் இறந்துபோனார். கந்தக அமிலம் காய்ச்சும் பாத்திரங்கள், துப்பாக்கியில் மருந்து பற்றும் துளைகள், குரூசிபிள்கள் என்று அவரிடம் வாங்கியவர்கள் எல்லாம் வேலைக்காக வாங்கினார்கள். நகைக்காக அல்ல. அந்த நூற்றாண்டின் விலையைப் புரிந்துகொள்ள இது ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ரஷ்யா. யூரல் மலைப் பகுதியில் 1820-களில் பிளாட்டினம் நிறையக் கிடைத்தது, ஆனால் வாங்க ஆள் இல்லை. நிதியமைச்சர் கான்க்ரின் அதில் நாணயம் அடிக்க முடிவு செய்தார். 1827-இல் ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்டிடம் கருத்துக் கேட்டார். விலை நிலையாக இருக்காது, வேண்டாம் என்றார் ஹம்போல்ட். அதை மீறி 1828-இல் 3 ரூபிள் காசு வந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் 6, 12 ரூபிள் காசுகளும் வந்தன.

அந்த 3 ரூபிள் காசின் எடை 10.35 கிராம். அளவு அன்றைய 25 கோபெக் (கால் ரூபிள்) வெள்ளிக் காசின் அளவேதான், எடை மட்டும் இரட்டிப்பு. அரசாங்கமே எழுதிவைத்த விலைச்சீட்டாக இதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வெள்ளி ரூபிளில் 18 கிராம் தூய வெள்ளி. 5 ரூபிள் தங்கக் காசில் சுமார் 6 கிராம் தங்கம். கணக்குப் போட்டால் அவுன்ஸ் வெள்ளி ஒன்றே முக்கால் ரூபிள், பிளாட்டினம் 9 ரூபிள், தங்கம் 26 ரூபிள். வெள்ளியைப் போல ஐந்து மடங்கு, தங்கத்தில் மூன்றில் ஒன்று. இதைவிடத் தெளிவான ஆதாரத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் காசில் போட்ட விலையைச் சந்தை மதிக்கவில்லை. வெளியே விலை இறங்கினால் காசுக்குள் இருக்கும் உலோகம் 3 ரூபிள் பெறாது. கள்ளக் காசு அடிப்பவனுக்கு அது லாபம். 13 லட்சத்துக்கும் மேல் 3 ரூபிள் காசுகள் அடித்த பிறகு 1845-இல் நிறுத்தித் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஹம்போல்ட் சொன்னது சரியாகப் போயிற்று. நாணயச் சாலைதான் ஒரே பெரிய வாடிக்கை என்பதால் யூரல் சுரங்க வேலையும் படுத்துவிட்டது.

தங்கத்துக்கும் இதற்கும் இருந்த இடைவெளியை மோசடிக்காரர்களும் கவனித்திருக்கிறார்கள். 1860, 70-களில் ஸ்பெயினின் தங்கக் காசுகளுக்குப் போலியாகப் பிளாட்டினத்தில் அடித்து மேலே தங்க முலாம் பூசிப் புழங்கவிட்டார்கள். வெள்ளியில் செய்தால் எடையிலேயே மாட்டிக்கொள்வார்கள், பிளாட்டினம் அந்தக் கனத்தைக் கொடுத்தது.

அப்புறம் நிலைமை மெல்ல மாறியது. 1850-களின் கடைசியில் பிரான்சில் டெவில், டெப்ரே என்ற வேதியியலாளர்கள் இருவரும் ஆக்சிஜன், ஹைட்ரஜன் சுடரில், சுண்ணாம்பு உலையில் இதை மொத்தமாக உருக்கிக் காட்டினார்கள். 1880-களில் மின்விளக்கு வந்தது. சூட்டில் கண்ணாடி விரியும் அளவுக்கே விரியும் கம்பி பிளாட்டினம்தான் என்பதால் பல்புக்குள் மின்சாரம் போகும் வழி அதுவாயிற்று. பொய்ப்பல் பதிக்கும் ஊசிகளுக்கும் ஏராளமாகப் போனது. தேவை கூடக் கூட விலை ஏறி, 1906 வாக்கில்தான் தங்கத்தைத் தாண்டியது.

பழைய விலைப் பட்டியல் எதையாவது பார்த்தால், அந்த விலை தாதுவுக்கா, பொடிக்கா, தகடாக்கிய உலோகத்துக்கா என்று முதலில் பாருங்கள். அவுன்ஸ் என்றால் 31.1 கிராம் கொண்ட டிராய் அவுன்ஸ், கடைப் பொருள் நிறுக்கும் 28 கிராம் அவுன்ஸ் அல்ல.