கை நடுக்கமும் கணினிகளின் ஆட்டமும்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

வணக்கம். துறைமுகத்தில் கிரேன் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். மாலையில் தெருமுனை மன்றத்தில் கேரம் ஆடுவதும், வீட்டுக்கு வந்தபின் உங்கள் கட்டுரைகளை வாசிப்பதும் என் வழக்கம். என் தங்கை மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். செஸ் நிரல்கள் ஒன்றோடொன்று மோதும் போட்டியை இரவு வெகுநேரம் உட்கார்ந்து பார்க்கிறாள். தானும் ஒரு நிரல் எழுதி இப்படியொரு போட்டியில் சேர்க்கப்போவதாகச் சொல்கிறாள். எனக்கு இதன் பொருள் விளங்கவில்லை. இரண்டு கிரேன்களில் எது கூடுதல் எடை தூக்கும் என்று தெரிய வேண்டுமானால் சோதனை செய்து சான்றிதழ் கொடுத்தால் போதும். அதற்குச் சுற்றுகளும் கோப்பையும் எதற்கு? ஆட்டம் என்றால் கை நடுங்க வேண்டும். கடைசிக் காயை அடிக்கும்போது நெஞ்சு படபடக்க வேண்டும். நடுக்கமே அறியாத இரண்டு பெட்டிகள் ஆடுவதை ஆட்டம் என்று சொல்லலாமா? சீட்டாட்டத்துக்கும் இப்படிப் போட்டி உண்டாம். சீட்டில் பாதி அதிர்ஷ்டம்தானே, அதில் எந்த நிரல் கெட்டி என்று எப்படி முடிவு செய்வார்கள்? அவளைத் தடுக்க எனக்கு மனமில்லை, புரிந்துகொள்ளவே விரும்புகிறேன்.

வாசகர், தண்டையார்பேட்டை

*

அன்புள்ள ஐயா,

கை நடுக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் வரியிலிருந்தே தொடங்குகிறேன். நிரல்களுக்குப் போட்டி நடத்துகிறவர்களையும் அந்தக் கேள்வி எதிர்கொண்டிருக்கிறது. அவர்கள் அதற்கு ஒரு விடையையும் செய்து காட்டியிருக்கிறார்கள்.

1989ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கிய கணினி ஒலிம்பியாட் என்னும் போட்டித் தொடர், 2005இல் தைவானின் தைபே நகரில் நடந்தபோது, வழக்கமான பலகை ஆட்டங்களோடு பூல் ஆட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. நீண்ட குச்சியால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் அந்த ஆட்டம் நம் கேரத்துக்கு நெருங்கிய உறவு என்பது உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அங்கே உண்மையான மேசை கிடையாது. பந்துகளின் உருளலையும் உராய்வையும் மோதலையும் ஒரு கணினி கணக்கிட்டுச் சொல்லும். ஆடுகிற நிரல் ஒவ்வோர் அடிக்கும் ஐந்து எண்களைக் கொடுக்க வேண்டும்: குச்சி எந்தத் திசையை நோக்குகிறது, அதன் பின்முனை எவ்வளவு உயர்ந்திருக்கிறது, எவ்வளவு வேகம், பந்தின் நடுப்புள்ளியிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு விலகல், மேல்கீழாக எவ்வளவு விலகல். இந்த எண்களை அப்படியே நிறைவேற்றினால், கணக்கு தெரிந்த நிரல் ஒருபோதும் குறி தவறாது. முதலில் அடிக்கும் நிரலே மேசையைக் காலி செய்துவிடும். ஆகவே போட்டி நடத்தியவர்கள் ஒவ்வோர் எண்ணிலும் ஒரு சிறு பிழையைத் தற்செயலாகக் கலந்துவிட்டார்கள். இந்த அடியில் பிழை எந்தப் பக்கம் சாயும் என்பது நிரலுக்குத் தெரியாது. நீங்கள் கேட்கும் நடுக்கத்தை அவர்கள் வேண்டுமென்றே உள்ளே வைத்தார்கள், ஐயா.

அதன் பிறகு ஆட்டத்தின் தன்மையே மாறிப்போகிறது. இலகுவாகத் தெரியும் அடி சிறந்த அடியாக இருக்க வேண்டியதில்லை. ஓர் இழை விலகினால் எதிராளிக்கு மேசையைத் திறந்து கொடுத்துவிடும் என்றால் அது மோசமான அடி. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட பிக்பாக்கெட் என்னும் நிரல், மனதில் தோன்றும் ஒவ்வோர் அடியையும் வெவ்வேறு பிழைகளோடு பலமுறை தனக்குள் ஆடிப் பார்த்து, எது சராசரியில் நன்மை தருகிறது என்று கணக்கிட்டுத் தேர்ந்தெடுத்தது. 2005இலும், அடுத்த ஆண்டு இத்தாலியின் தூரின் நகரிலும் அதுவே வென்றது.

இதைப் படித்த நாளில் எனக்கு ராயபுரத்தில் எங்கள் தெரு மன்றம் நினைவுக்கு வந்தது. பலகைக்கு மேலே தாழத் தொங்கும் பல்பு, அதன் சூட்டில் வியர்த்த நெற்றிகள், பலகையின் ஓரத்தில் குவிந்து கிடக்கும் போரிக் பவுடர். காசிமேட்டில் வலை பின்னும் பெரியவர் ஒருவர் அங்கே ஆட வருவார். நரம்புத் தளர்ச்சியால் அவருடைய வலக்கை எப்போதும் நடுங்கும். ஸ்டிரைக்கரைக் கோட்டில் வைப்பார், விரலை அதனருகே கொண்டுபோவார், எடுத்துவிடுவார், இரண்டு அங்குலம் தள்ளி மறுபடியும் வைப்பார். நாங்கள் இளைஞர்கள் எல்லோரும் பளிச்சென்று தெரியும் காயை அடித்து ஓசையோடு குழியில் தள்ளுவோம். அவரோ, தவறினாலும் எங்கள் காயின் வழியை மறித்து நிற்கும் காயாகப் பார்த்துத் தொடுவார். சிவப்புக் காயான ரெட்டை எடுத்துவிட்டு ஃபாலோ போட முடியாமல் திணறுவதை அவரிடம் நான் பார்த்ததேயில்லை, ஃபாலோவுக்கான காய் வசமான இடத்துக்கு வரும்வரை ரெட்டை அவர் தொடவே மாட்டார். ஒருமுறை நான் கேட்டபோது, கை போகிற போக்கைத் தெரிந்துகொண்டு காயை எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். தைபேயில் வென்ற நிரல் செய்ததும் ஏறக்குறைய அதுதான். அந்தப் பெரியவரின் அறிவு எண்ணாக எழுதத்தக்கது என்பதை அறிந்தபோது அவர்மீது எனக்கிருந்த மதிப்பு கூடியது.

அடுத்து, சீட்டு. உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது. நல்ல சீட்டு வந்தவன் வெல்வான் என்பதில் மறுப்பில்லை. பிரிட்ஜ் ஆடும் நிரல்களுக்கான உலகப் போட்டி 1997இல் தொடங்கியது. போக்கர் நிரல்களுக்கான ஆண்டுப் போட்டி 2006இல் தொடங்கியது. பணம் வைத்து ஆடும் சூதை நான் எந்த வடிவிலும் ஆதரிக்கிறவன் அல்லன், ஆனால் அந்தப் போட்டியில் நிரல்கள் கணக்குக்காக மட்டுமே வில்லைகளை வைத்து ஆடின என்பதால் தயக்கமின்றி எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அங்கே இரண்டு நிரல்கள் ஒரு சீட்டுக்கட்டு வரிசையை ஆடி முடித்ததும், இரண்டின் நினைவையும் அழித்துவிடுவார்கள். பின்னர் இருக்கைகளை மாற்றி, அதே சீட்டுகளை அதே வரிசையில் மறுபடி போடுவார்கள். முதலில் உங்களுக்கு வந்த நல்ல சீட்டு இப்போது எனக்கு வரும். அதைக் கொண்டு உங்களைவிட நான் கூடுதலாகச் சம்பாதித்தேனா என்பதே கணக்கு. இப்படி ஆயிரக்கணக்கான கைகள் ஆடினால் அதிர்ஷ்டத்தின் பெரும்பங்கு கழிந்துபோய்த் திறமை மிஞ்சுகிறது. மனிதர்களை வைத்து இதை இப்படியே செய்ய முடியாது, ஏனென்றால் முதல் சுற்றின் சீட்டுகள் நினைவில் நிற்கும். அதனால்தான் மனிதர்கள் ஆடும் பிரிட்ஜில் ஒரே சீட்டுகளை வேறு வேறு மேசைகளில் வேறு வேறு ஆட்களுக்குக் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். நினைவை அழித்துவிட்டு ஒருவரைத் திரும்ப உட்காரவைப்பது நிரலிடம் மட்டுமே இயலும். சீட்டில் திறமையை அளப்பதற்கு இதைவிடச் சுத்தமான முறையை நான் அறிந்ததில்லை.

உங்கள் தங்கை மகள் இரவில் பார்ப்பது 2010இலிருந்து நடந்துவரும் டாப் செஸ் என்ஜின் சாம்பியன்ஷிப் ஆக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். அங்கே எல்லா நிரல்களும் நடத்துகிறவர்கள் தரும் கருவியிலேயே ஓடுகின்றன. வழக்கமான தொடக்க நிலையிலிருந்து விட்டால் இன்றைய வலிமையான நிரல்களின் ஆட்டங்களில் மிகப்பெரும்பாலானவை சமனில் முடிந்துவிடும் என்பதால், ஒரு பக்கம் சற்றே சாய்ந்த தொடக்கங்களை நடத்துகிறவர்களே தேர்ந்து கொடுத்து, ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவைக்கிறார்கள். நெருக்கடியான நிலையை ஒரு நிரல் காப்பாற்றிவிட்டு, அதே நிலையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து உடைத்தும் காட்டினால், அந்த இரண்டு ஆட்டங்களும் சேர்ந்து ஒரு முழுக் கதையைச் சொல்கின்றன. அவள் வெகுநேரம் விழித்திருப்பதில் எனக்கு வியப்பில்லை.

இனி கிரேனுக்கு வருகிறேன். எடை ஓர் எண். ஆட்டத்தின் வலிமை அப்படி ஓர் எண்ணில் அடங்குவதில்லை. முதல் நிரல் இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும், மூன்றாவது திரும்பி முதலாவதையும் வெல்வது நடக்கக்கூடியதே. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: ஒரு புதிய எண்ணம், அதை நம்பாதவர்கள் எழுதிய நிரல்களுக்கு எதிரே வந்து நிற்க வேண்டிய இடம் போட்டி. கோ என்னும் கிழக்காசிய ஆட்டத்தில் நிரல்கள் பல ஆண்டுகளாகத் தேர்ந்த மனிதர்களின் அருகில்கூட வர முடியாமல் கிடந்தன. ஒரு நிலை நல்லதா கெட்டதா என்று சொல்லும் விதிகளை எழுதுவது அந்த ஆட்டத்தில் மிகக் கடினம். ரெமி கூலோம் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர், விதிகளை எழுதாமல், ஒரு நிலையிலிருந்து தற்செயலாகக் காய்களை வைத்து இறுதிவரை எண்ணற்ற முறை ஆடிப் பார்த்து, வெற்றி அதிகம் கிடைக்கும் கிளைகளை மேலும் மேலும் ஆழமாக ஆராயும் முறையை வகுத்தார். அந்த முறையில் எழுதிய அவருடைய கிரேசி ஸ்டோன் நிரல், 2006இல் தூரின் ஒலிம்பியாடில், ஒன்பதுக்கு ஒன்பது என்ற சிறிய பலகையில் தங்கம் வென்றது. அதன் பிறகு மற்ற நிரலாசிரியர்களும் அந்த வழியில் திரும்பினார்கள். பத்தாண்டுகள் கழித்து, 2016 மார்ச்சில், சியோல் நகரில் கொரியக் கோ வீரர் லீ செடோலை நான்குக்கு ஒன்று என்று வென்ற ஆல்ஃபாகோ நிரல், ஆட்டங்களிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் நரம்பு வலையமைப்புகளோடு அதே தேடல் முறையின் வளர்ந்த வடிவத்தையும் பயன்படுத்தியது. சியோல் ஆட்டத்தை உலகமே பார்த்தது. தூரினில் சில நிரலாசிரியர்களே பார்த்திருப்பார்கள்; எனக்குப் பெரிதாகப்படுவது தூரின்தான்.

நெஞ்சு படபடப்பும் அங்கே இல்லாமல் இல்லை. 1974இல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகக் கணினி செஸ் போட்டியில் பதின்மூன்று நிரல்கள் ஆடின. சோவியத் நாட்டின் கைஸ்ஸா நான்கு ஆட்டங்களையும் வென்று பட்டம் பெற்றது. அத்தகைய போட்டிகளில் நிரலை எழுதியவரோ அவருடைய உதவியாளரோ பலகையின் முன் உட்கார்ந்து, நிரல் சொல்லும் காயைத் தம் கையால் நகர்த்திக் கடிகாரத்தை அழுத்துவார்கள். தம் நிரல் தவறான காயை எடுக்கிறது என்று தெரிந்தாலும் அதை மாற்றும் உரிமை அவர்களுக்குக் கிடையாது. பல மாத உழைப்பு தன் கண்ணெதிரே தவறு செய்வதைப் பார்த்துக்கொண்டு, அந்தத் தவற்றைத் தானே பலகையில் நிறைவேற்ற வேண்டியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நேர்மைக் கேள்விகளும் உண்டு. 2007 முதல் 2010 வரை தொடர்ந்து உலகப் பட்டம் வென்ற ரிப்கா என்னும் செஸ் நிரலில் பிறருடைய நிரல்களிலிருந்து எடுத்தவை இருப்பதாகப் பன்னாட்டுக் கணினி விளையாட்டுச் சங்கம் 2011இல் முடிவு செய்து, அந்தப் பட்டங்களைத் திரும்பப் பெற்றது. அந்த முடிவை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். உங்கள் தங்கை மகளிடம் ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்லுங்கள்: பிறர் எழுதியதிலிருந்து எதை எடுத்தாலும், எங்கிருந்து எடுத்தேன் என்று நிரலிலேயே எழுதிவைக்கட்டும்.

நீங்கள் சொல்வது சரியாகும் இடமும் ஒன்று இருக்கிறது. நம் பல்லாங்குழிக்கு உறவான, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அவாரி என்னும் குழியாட்டத்துக்கும் கணினி ஒலிம்பியாடில் பதக்கங்கள் இருந்தன. 2002இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இருவர் அதில் வரக்கூடிய ஏறக்குறைய 88,900 கோடி நிலைகளையும் கணக்கிட்டு, இருவரும் பிழையின்றி ஆடினால் சமன் என்று நிறுவிவிட்டார்கள். முழு விடையும் தெரிந்த ஆட்டத்தில் நிரல்களை மோதவிடுவதற்கு உங்கள் கிரேன் உவமை அப்படியே பொருந்தும்.

எனக்குத் தெரிந்தவரை இன்னும் அப்படித் தீராத ஆட்டம் ஒன்றில் அவள் தொடங்கலாம் என்பது என் யோசனை. செஸ்ஸில் முதல் நிரலைச் சேர்க்கிறவர்கள் பல ஆண்டு உழைப்பின் எதிரே போய் நிற்க வேண்டியிருக்கிறது. நான்கு புலிகளும் இருபது ஆடுகளும் கொண்ட நேபாளத்தின் பாக்சால் சமனில் முடியும் என்று கணினியைக் கொண்டு ஏற்கெனவே காட்டிவிட்டார்கள். மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கொண்ட நம் ஆடுபுலி ஆட்டத்தின் கட்டம் வேறு, அதனால் அந்த முடிவு இதற்குச் செல்லாது. புலிக்கு ஒரு நிரல், ஆட்டுக்கு ஒரு நிரல் என்று அவளும் அவளுடைய தோழியரும் எழுதி, பக்கம் மாற்றி மாற்றி மோதவிட்டால் அதுவே ஒரு போட்டி. அதற்கு விதிகளைத் துளியும் ஐயமின்றி எழுதித்தர ஒருவர் வேண்டும். எல்லா ஆடுகளையும் வைத்து முடிக்கும் முன்பே ஆட்டை நகர்த்தலாமா, எத்தனை ஆடுகள் வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி என்பதிலெல்லாம் ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறது. தண்டையார்பேட்டையில் நீங்கள் சிறுவயதில் தரையில் கரிக்கோடு போட்டு ஆடிய விதி எது என்பதை அவளுக்கும், முடிந்தால் எனக்கும், எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.