சூடு போடச் சொன்ன நடுநிலை

கேள்வி: இனம், வரலாறு என்று ஆயுள் முழுக்க ஒரே விஷயத்தை எழுதுகிறவரைப் பத்திரிகையாளர் என்பதா, போராளி என்பதா? நடுநிலை வேண்டாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ஐடா பி. வெல்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1862ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்தவர். மெம்பிஸ் நகரில் ஆசிரியை, கூடவே ஒரு சிறு பத்திரிகையில் பங்குதாரர். கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளின் லட்சணத்தை எழுதினார். ஆசிரியை வேலை போயிற்று.

1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸையும் வேறு இருவரையும் சிறையிலிருந்து இழுத்துப் போய் வெள்ளையர் கும்பல் சுட்டுக் கொன்றது. மாஸுக்கு மளிகைக் கடையில் பங்கு. பக்கத்து வெள்ளையர் கடைக்கு அதனால் வியாபாரம் படுத்தது. பகையின் வேர் அதுதான்.

கும்பல் கையில் சாகிற கறுப்பினத்தவன் பெண்ணிடம் தவறாக நடந்திருப்பான் என்று ஏடுகள் எழுதியதை அதுவரை வெல்ஸும் ஓரளவு நம்பியிருந்தார். மாஸை அவருக்குத் தெரியும் என்பதால் அந்த நம்பிக்கை உடைந்தது. சம்பவங்களை விசாரித்தார், எண்ணினார். 8 ஆண்டுகளில் கொல்லப்பட்ட 728 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் அந்தப் புகாரே இருந்தது. புகார்தான், நிரூபணம் அல்ல! 1895ல் வெளியிட்ட சிறுநூலில் சிகாகோ ட்ரிப்யூன் என்ற வெள்ளையர் நாளேட்டின் பட்டியலையே எடுத்துப் போட்டார். கறுப்பர்கள் கதை கட்டுகிறார்கள் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாதல்லவா? போராளி என்று தாராளமாகச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு என்ன ஆகிறது?

நடுநிலை கேட்டீர்களே, அதையும் பார்ப்போம். இந்தக் கொலைகளைப் பற்றி வெல்ஸ் பெயர் போடாமல் எழுதிய ஒரு தலையங்கத்தை ஆண் எழுதியதாக நினைத்த மெம்பிஸ் ஏடு ஒன்று, அவனைக் கம்பத்தில் கட்டி நெற்றியில் சூடு போட வேண்டும் என்று எழுதியது. கும்பல் வந்து அச்சகத்தை நொறுக்கியது. வெல்ஸ் அப்போது வெளியூரில் இருந்ததால் உயிர் தப்பினார்.

'ஒரே விஷயம்' என்கிறீர்கள். அறுபதை நெருங்கிய வயதில், அர்கன்சாஸ் மாநிலச் சிறையில் மரண தண்டனைக் கைதிகளாக இருந்த கறுப்பின விவசாயிகளை, உறவுக்காரி போல உள்ளே போய்ச் சந்தித்து எழுதினார். கொலைகள் நிற்கவில்லை, அவர் மட்டும் எதற்கு விஷயத்தை மாற்ற வேண்டும்?

1894ல் அவரை அவதூறுக்காரி என்று ஏசிய நியூயார்க் டைம்ஸ், 1931ல் இறந்த அவருக்கு 2018ல் இரங்கல் கட்டுரை வெளியிட்டது. அமெரிக்கப் பத்திரிகை உலகின் பெரிய விருதான புலிட்சரின் சிறப்பு விருது 2020ல் வந்தது, பத்திரிகைப் பணிக்காக.