வெயில் கால கிறிஸ்துமஸ்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிட்னியில் வசிக்கிறோம். கிறிஸ்துமஸுக்குச் செய்யும் பாவ்லோவா (வெள்ளைக்கரு, சர்க்கரை நுரையைச் சுட்டுச் செய்யும் இனிப்பு), பரிமாறும் நேரத்தில் அடியில் பாகாகக் கசிந்து நிற்கிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் சர்க்கரை கரையாததுதான் காரணம். 4 வெள்ளைக்கருவுக்கு 220 கிராம் காஸ்டர் சுகர் (பொடியான சர்க்கரை) எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் சாதாரணச் சர்க்கரையை மிக்ஸியில் ஒரு சுற்று விடலாம். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ, துளி மஞ்சள்கருவோ இருந்தால் நுரை எழும்பாது. நுரை முனை பிடித்து நின்றதும் சர்க்கரையை ஒவ்வொரு மேசைக்கரண்டியாகப் போட்டு, பத்து நிமிடமாவது அடியுங்கள். கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறத்தால் இன்னும் அடிக்க வேண்டும். வழவழவென்று வந்துவிட்டால் 2 தேக்கரண்டி கார்ன்ஃப்ளார், 1 தேக்கரண்டி வினிகர் சேர்த்து மெல்லக் கலந்து நிறுத்திவிடுங்கள்.

ஓவனை 150 டிகிரிக்குச் சூடாக்கி, உள்ளே வைத்ததும் 120-க்குக் குறைத்து, ஒன்றேகால் மணி நேரம் வேகவிடுங்கள். விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் 20 டிகிரி குறைவாக வையுங்கள். அணைத்தபின் கதவை லேசாகத் திறந்துவைத்து, உள்ளேயே ஆறட்டும். சூட்டோடு வெளியே எடுத்தால் அமுங்கி வெடித்துவிடும்.

இரண்டாவது காரணம் டிசம்பர் மாதப் புழுக்கம். சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் 24-ஆம் தேதி மாலையிலேயே சுட்டு, நன்றாக ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள். ஃப்ரிட்ஜ் கூடவே கூடாது, அங்கேயும் ஈரம்தான். க்ரீம், மாம்பழம், பேஷன் ஃப்ரூட் எல்லாம் பரிமாறுவதற்குச் சற்றுமுன் போதும். மேலே விரிசல் விட்டால் கவலை வேண்டாம், க்ரீம் மூடிவிடும்.

கேள்வி: மெல்பர்னில் மதிய விருந்தைத் தோட்டத்தில் வைக்கிறோம். பிரியாணி, வேகவைத்த இறால், ஹாம் (பதப்படுத்திய பன்றித்தொடை) எல்லாம் எவ்வளவு நேரம் மேசையில் இருக்கலாம்?

பதில்: 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆஸ்திரேலியாவில் சொல்லும் கணக்கு இது: அந்த இடைப்பட்ட வெப்பத்தில் மொத்தம் 2 மணி நேரத்துக்குள் இருந்திருந்தால் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்கலாம், 2 முதல் 4 மணி நேரம் ஆகியிருந்தால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும், அதற்கு மேல் என்றால் கொட்டிவிட வேண்டும். வெளியே எடுத்த ஒவ்வொரு முறையும் கூட்டலில் சேரும். 40 டிகிரி வெயிலில் நாமே ஒரு மணி நேரமாகச் சுருக்கிக்கொள்வது நல்லது.

பிரியாணியில் கவனம் அதிகம் வேண்டும். அரிசியிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் வெந்தாலும் சாவதில்லை, மெதுவாக ஆறும் சோற்றில் முளைத்துவிடும். மிஞ்சியதை அண்டாவோடு ஆறவிடாமல் அகலத் தட்டுகளில் மெல்லிதாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

இறாலை ஐஸ் நிரப்பிய பாத்திரத்தின் மேல் வடிதட்டில் வையுங்கள். உருகும் தண்ணீரில் ஊறினால் சுவை போய்விடும். கடைகளில் விற்கும் ஹாம் பெரும்பாலும் வெந்தது, ஆகவே பண்டிகையன்று ஓவனைப் பற்றவைக்க வேண்டியதில்லை. மிஞ்சியதை 1 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி வினிகர் கலந்து நனைத்துப் பிழிந்த துணிப்பையில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பையை அலசி மறுபடி நனையுங்கள். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் வியர்த்துப் பிசுபிசுத்துப்போகும்.

குளிர்பானங்களுக்குத் தனி எஸ்கி (ஐஸ் போட்டு வைக்கும் குளிர்பெட்டி) அவசியம். பிள்ளைகள் ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து மூடினால் உள்ளேயிருக்கும் உணவும் சூடேறும்.

கேள்வி: நிஜ பைன் மரம் வாங்கினால் ஒரே வாரத்தில் ஊசி இலைகள் கொட்டுகின்றன.

பதில்: வெட்டிய இடத்தில் பிசின் உறைந்து தண்ணீர் ஏறாமல் தடுக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அடியில் 2–3 சென்டிமீட்டர் அறுத்து, உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். முதல் நாள் நிறையக் குடிக்கும். நீர்மட்டம் வெட்டுக்குக் கீழே இறங்கினால் மறுபடி பிசின் மூடிக்கொள்ளும். மேற்கு வெயில் விழும் ஜன்னலும் ஏசி காற்றும் ஆகாது.

கேள்வி: கிறிஸ்துமஸ் அன்று முழுத் தீத்தடை (காட்டுத்தீ அபாயமுள்ள நாளில் வெளியே தீ மூட்டத் தடை) அறிவித்தால் வீட்டுத் தோட்டத்தில் பார்பிக்யூ போடலாமா?

பதில்: விக்டோரியாவில் கரி, விறகு அடுப்புகளுக்கு அனுமதியில்லை. கேஸ், மின்சார அடுப்பு போடலாம். சுற்றிலும் 3 மீட்டருக்கு எரியக்கூடிய பொருள் இருக்கக்கூடாது, தண்ணீர்க் குழாய் அல்லது குறைந்தது 10 லிட்டர் தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் அடுப்பை விட்டு நகரக்கூடாது. மற்ற மாநிலங்களில் விதிகள் வேறுபடும், அந்தந்தத் தீயணைப்புத் துறையின் அறிவிப்பை அன்று காலையிலேயே பார்த்துவிடுங்கள்.