வாக்கர் என்றால் நடப்பவரா?

தம்பி, "மேலாளர் பெயர் வாக்கர், பக்கத்து மேசைக்காரர் டெய்லர். இதெல்லாம் தொழிலை வைத்து வந்த பெயர் என்கிறார்களே, அப்படியானால் சாதி மாதிரியா? கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?" என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகக் கேளுங்கள். சாதியெல்லாம் இல்லை. இங்கிலாந்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் அப்பன் பார்த்த வேலை பிள்ளைகள் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பேரன் வேறு வேலைக்குப் போன பிறகும் பெயர் மட்டும் விடவில்லை. டெய்லர் தையல்காரர், அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. வாக்கர்தான் ஆள்.

நானும் வந்த புதிதில் ஊர் ஊராக நடந்தவர் என்றே நினைத்தேன். அவர் நடந்தது தொட்டிக்குள். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடு, நெசவு நெகிழ்ந்து கிடக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் நாள்பட்ட மூத்திரமும் ஊற்றி, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். மூத்திரத்தின் அம்மோனியா பிசுக்கை எடுக்கும். மிதிக்க மிதிக்க இழைகள் ஒன்றோடொன்று பின்னி, துணி சுருங்கித் தடிக்கும். இந்த வேலைக்கு ஒரு களிமண்ணும் உண்டு. நம் வீட்டில் முகத்துக்குப் பூசுவார்களே, முல்தானி மிட்டி, அதேதான். இங்கே அதற்கு ஃபுல்லர்ஸ் எர்த் என்று பெயர்.

அந்த ஃபுல்லரும் இதே வேலைக்காரர்தான். வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டெவன் பக்கம் டக்கர். டெவனின் எக்ஸிடர் நகரில் 1471இல் கட்டிய அவர்களுடைய சங்க மண்டபம், டக்கர்ஸ் ஹால், இன்றும் நிற்கிறது. ஆகவே இந்த மூன்று பெயர்களும் முன்னோரின் தொழிலோடு, அவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்பதையும் காட்டிக்கொடுக்கும். நான் இருக்கும் ஹடர்ஸ்ஃபீல்டு, கம்பளிக்குப் பேர்போன யார்க்‌ஷயர் ஊர். இங்கே வாக்கர்களுக்குப் பஞ்சமே இல்லை.

இன்னொன்று. 12ஆம் நூற்றாண்டிலேயே ஆற்றுத் தண்ணீரில் ஓடும் ஆலைகள் வந்து, மரச் சுத்தியல்கள் துணியை அடிக்கத் தொடங்கிவிட்டன. வடக்கே அந்த ஆலைக்கும் 'வாக் மில்' என்றே பெயர். அதனால் உங்கள் மேலாளரின் மூதாதை தொட்டியில் கால் வைத்தாரா என்பதே சந்தேகம்தான். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மூத்திரக் கதையை எடுக்காதீர்கள்.

அப்புறம், உங்கள் பெயரைப் பற்றி அவர்களும் கேட்பார்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருந்ததால், முதல் வேலையில் மூன்று மாதம் என்னை மிஸ்டர் போட்டு அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். ஊருக்குப் போன் செய்து சொன்னபோது, "சம்பளத்தையும் என் பேருக்கே அனுப்பச் சொல்லு" என்றார் அப்பா.